இன்னார் மூலம் வரவு

மாதக் கடைசியில் உட்கார்ந்து கணக்கு முடிக்கிற பழக்கம் எனக்குத் தீப்பெட்டி ஆபீசில் வந்தது. கோவில்பட்டிப் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பத்துப் பேர் வேலை பார்த்தாலும் ஐந்நூறு பேர் பார்த்தாலும் ஆபீஸ்தான். அப்படி ஒரு ஆபீசில் 1986-ல் கணக்கெழுதச் சேர்ந்தேன். வயது இருபத்தொன்று. வருஷ முடிவில் புதுப் பேரேடு போட்டபோது, பழையதில் எழுதாமல் மிஞ்சிய தாள்களை முதலாளி கிழித்துக் கொடுத்தார். "கதை எழுதுறேன்னு சொன்னியே, இதுல எழுது" என்றார்.

அந்தத் தாளில் கதை எழுத வரவில்லை. ஏற்கெனவே சிவப்புக் கோடு போட்டுப் பத்தி பிரித்திருந்தது: தேதி, விவரம், இன்னார் மூலம், தொகை. ஆனால் ஒரு மாதத்தில் என்ன படித்தேன், என்ன கேட்டேன், என்ன பார்த்தேன், என்ன எழுதினேன் என்று குறித்து வைக்க அந்தக் கோடுகள் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தின. தொகைப் பத்தியை மட்டும் வெறுமனே விட்டேன்.

அன்றிலிருந்து ஒரு மாதமும் தவறவில்லை. அம்மா இறந்த மாதத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, இரண்டே வரியோடு. இப்போது யாரும் பேரேடு போடுவதில்லை என்பதால், நீள நோட்டு வாங்கி நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்கிறேன். 2025 மார்ச் மாதக் கணக்கை முடித்த அன்று, பரணில் கிடந்த பழைய கட்டை ஒரு காரணத்துக்காக இறக்க வேண்டி வந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது 1987 டிசம்பர். அந்தப் பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்.

1987 டிசம்பரில் பதினொரு வரிகள்தான். 2025 மார்ச்சில் நாற்பத்து மூன்று.

பழைய பக்கத்தின் முதல் வரி: ‘கரிசல் காட்டுக் கடுதாசி, பைண்டு. வாத்தியார் மூலம்.’ கி. ராஜநாராயணன் அதை ஜூனியர் விகடனில் தொடராக எழுதினார். எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் நடத்திய வாத்தியார் அந்தப் பக்கங்களை பிளேடால் அறுத்தெடுத்து அடுக்கி வைப்பார். ஒரு கனம் சேர்ந்ததும் மைதாப் பசை காய்ச்சி, நான் ஆபீசிலிருந்து கொண்டுபோகும் கழிவு அட்டையை வைத்து, முதுகில் பழைய வேட்டித் துணி ஒட்டி, மேலே செங்கல் ஏற்றி இரண்டு நாள் காயவைப்பார். பத்திரிகைத் தொடர்களை இப்படிப் பைண்டு செய்து வைக்காத வாசக வீடு அந்நாளில் அபூர்வம். 1950-ல் கல்கியில் தொடங்கி 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து, பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுத்தனுப்பிய வீட்டை எனக்குத் தெரியும்.

அச்சிட்ட புத்தகத்தில் இல்லாத ஒன்று பைண்டில் உண்டு. ஒவ்வொரு தாளின் மறுபுறத்திலும் வேறு எதையோ பற்றிய பாதிச் செய்தி இருக்கும். ஒரு கொலை வழக்கின் நடுப்பகுதி, ஒரு கூந்தல் தைல விளம்பரத்தின் பாதி முகம், தலையும் காலும் இல்லாத ஒரு பேட்டி. அவற்றையும் விடாமல் படித்தேன். முன்னும் பின்னும் என்ன இருந்திருக்கும் என்று நானாக இட்டுக்கட்டிப் பார்ப்பேன். கதையின் நடுவிலிருந்து தொடங்கலாம் என்கிற துணிச்சல் எனக்கு அங்கேதான் வந்தது என்று நினைக்கிறேன்.

வாத்தியார் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். கி.ரா. ஒரு சொலவடை சொல்லியிருந்தால், ‘எங்க ஆச்சி இத வேற மாதிரி சொல்லுவா’ என்று எழுதி, ஆச்சி சொன்ன வாசகத்தையும் போட்டிருப்பார். நான் அதற்குக் கீழே எங்கள் ஊரில் புழங்குவதை எழுதுவேன். என்னிடமிருந்து அந்தப் பைண்டு தபால்காரர் வீட்டுக்குப் போகும். அவர் மனைவி மூன்றாவது கையெழுத்து. கி.ரா. எழுதியது ஒரு கடுதாசி என்றால், அந்த ஓரங்களில் மூன்று பேர் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தோம். அவருக்கு அது போய்ச் சேரவே இல்லை. அப்போது அவர் இடைசெவலில்தான் குடியிருந்தார். 1989-ல்தான் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு வாசல். வாத்தியார் எத்தனையோ தடவை கூப்பிட்டார். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு கதை எழுதிவிட்டுப் போவோம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். 2021 மே மாதம் அவர் இறந்த செய்தி கைப்பேசியில் வந்தது. கோவில்பட்டியில் அரசு கட்டியிருக்கும் அவருடைய நினைவரங்கத்துக்கு இரண்டு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். போகாமல் விட்டதற்கு அது ஈடாகாது.

இரண்டாவது வரி: ‘வெண்ணிற இரவுகள். பஞ்சாலைத் தோழர் மூலம்.’ நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் ஊருக்கு வந்தால் பஞ்சாலைத் தொழிலாளர்கள்தான் முதலில் போய் நிற்பார்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, நல்ல தாள், ஒரு சாப்பாட்டு விலைகூட இருக்காது. தஸ்தயேவ்ஸ்கியை ரா. கிருஷ்ணையாவின் தமிழில்தான் நாங்கள் படித்தோம். ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வைப் பூ. சோமசுந்தரத்தின் தமிழில். அந்தத் தோழர் புத்தகத்தைக் கொடுக்கும்போதே, "இது அழுமூஞ்சிக் கதை தம்பி, இருந்தாலும் படிச்சுட்டு வா, பேசுவோம்" என்றார். படித்துவிட்டுப் போனேன். ஷிப்டு முடிந்து ஆலை வாசலில் நின்றபடி ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். காத்திருந்து ஏமாந்தவனை எழுதுவதால் உலகத்துக்கு என்ன லாபம் என்பது அவர் கட்சி. என் கட்சியை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அந்தப் புத்தகங்கள் வருவதும் நின்றது. 2003-ல் எஸ்.பி. ஜனநாதனின் ‘இயற்கை’ வந்தபோது, அந்தக் கதையின் சாயல் தெரிகிறதே என்று சொல்லத் தோழரைத் தேடினேன். ஆலையை விட்டு எப்போதோ போயிருந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வரி எனக்கு மிகவும் வேண்டியது. ‘ஹவ் டு நேம் இட், காசெட். ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி மூலம்.’ பஜாரில் ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் வெறும் காசெட்டில் பதிந்து தருவார். முகப்பு அட்டையில் முத்து முத்தாகப் பாட்டின் முதல் வரியை எழுதியிருப்பார். பட்டியலில் அவருக்குப் பிடிக்காத பாட்டு இருந்தால், "இதுக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டுருக்கேன், கேட்டுட்டு வந்து திட்டு" என்பார். ஒரு நாள் நான் கேட்காமலே ஒரு காசெட்டை எடுத்து நீட்டினார். இளையராஜா 1986-ல் வெளியிட்டு, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய இசைத்தொகுப்பு.

"தம்பி, இது பாட்டு இல்ல. வாத்தியம் மட்டுந்தான். பாட்டு எங்கன்னு தேடாதே. ராத்திரி விளக்க அணைச்சிட்டுக் கேளு. துட்டு வேண்டாம், நாளைக்கு வந்து என்ன கேட்டேன்னு சொல்லணும்."

என் தங்கச்சியும் நானும் இருட்டில் உட்கார்ந்து கேட்டோம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் உள்ளே வந்ததும் அவள், "அண்ணே, இது அழுதா சிரிக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அண்ணாச்சியிடம் அவள் கேட்டதையே நான் கேட்டதாகச் சொல்லிவிட்டேன். அவர் கடைப் பலகையில் தட்டி, "அதாம்ல விஷயம்" என்றார். அவள் கேள்வியை என் பெயரில் வரவு வைத்துக்கொண்டது முப்பத்தேழு வருஷமாக உறுத்துகிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த மாதம் முழுக்க ராத்திரி ஒன்பதே காலுக்கு டீக்கடையில் பி.பி.சி. தமிழோசை. அக்டோபரில் இருந்தே யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ரேடியோ கரகரத்தால் அத்தனை பேரும் மூச்சை அடக்குவார்கள். 1941-ல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றபோது, அந்தச் செய்தியைப் பகிர்ந்துகொள்ள அந்தக் கடையில் இருந்த ஒருவரும் என் அருகில் இல்லை. ‘நாயகன்’ பார்த்ததற்கு ஒரு வரி, சித்தப்பா மூலம். டிக்கெட் அவர் எடுத்தார். ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் ஒரு மலையாளப் படம், தபால்காரர் வீட்டில். மீதி வரிகளை விட்டுவிடுகிறேன்.

பத்தாவது வரியைத்தான் சொல்ல வேண்டும். ‘24, வியாழன். எம்.ஜி.ஆர். காலமானார். வேன் வரவில்லை.’

வேன் என்றால் ஆபீஸ் வேன். விடிவதற்கு வெகு முன்னால், மூன்று மணிக்கும் நாலு மணிக்கும், ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் பெண் குழந்தைகள். வேனில் ஏறும்போதும் தூக்கம், இறங்கும்போதும் தூக்கம். நாள் முழுக்கக் கட்டை அடுக்குவார்கள். பெட்டி ஒட்டுவார்கள். பத்து விரலிலும் மருந்து வாடை. 1986-லேயே குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்துவிட்டது. தீப்பெட்டி உற்பத்தி அந்தச் சட்டத்தின் தடைப்பட்டியலில் இருந்தது. எங்கள் ஆபீஸ் பதிவேட்டில் வயது என்று ஒரு பத்தி இருந்தது. முதலாளி சொன்ன வயதை அதில் நான் எழுதினேன். என் கையெழுத்தில் எழுதினேன். இதை எந்த முன்னுரையிலும் இதுவரை நான் சொன்னதில்லை.

அன்று வேன் ஓடவில்லை, பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. ஊரே அழுதுகொண்டிருந்தது. நானும் அழுதேன். சாயங்காலம் திடீரென்று ஒரு எண்ணம்: இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் விடிந்த பிறகும் தூங்கியிருப்பார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக முகத்தில் வெயில் பட்டு எழுந்திருப்பார்கள். அந்த ராத்திரியே கதையை எழுதி முடித்தேன். ஒரு தலைவர் இறந்த நாளில், யாரும் எழுப்பாததால் விடிந்த பிறகும் தூங்குகிற பத்து வயதுப் பெண். எங்கள் வேனில் வருகிற ஒரு பிள்ளையைத்தான் மனதில் வைத்திருந்தேன். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும்.

பதினோராவது வரி: ‘கதை ஒன்று. எழுதி அனுப்பியது.’ கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, சுயவிலாசமிட்ட உறையில் தபால் தலை ஒட்டி உள்ளே வைத்து, ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். அந்த உறை ஒழுங்காகத் திரும்பி வந்தது. பிறகு கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. ஆசிரியர் பதினைந்து பைசா கார்டில் மூன்று வரி எழுதியிருந்தார். அந்தக் கார்டு இன்னும் இருக்கிறது. என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது அந்தக் கதையால்தான். மூன்று தொகுப்புகளில் சேர்ந்திருக்கிறது.

இனி 2025 மார்ச்.

நாற்பத்து மூன்று வரிகளை ஒரு மாதத்தில் நிரப்புவது இப்போது எனக்குச் சிரமமே இல்லை. பழைய இதழ்களும் அரிய நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படமாகவே கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் 1998-லிருந்து இலக்கியங்களை மின்வடிவில் ஏற்றி வருகிறது. பழைய சிற்றிதழ் ஒன்றைக் கண்ணால் பார்க்க, அந்நாளில் மதுரைக்கு ஒரு நாள் சம்பளத்தைச் செலவழித்துப் போய், ஒருவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து, அவர் தூங்கி எழுந்ததும் கெஞ்சி வாங்கிப் படித்தவன் நான். இன்றைக்கு ஒரு கிராமத்துப் பெண் பிள்ளை எவரிடமும் கெஞ்சாமல் அதைத் தொட்டுத் திறக்கலாம். இதற்காக உழைத்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. பைண்டு செய்ய வேண்டிய தேவையே இல்லை. அந்தக் காலமே பொற்காலம் என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தக் காலத்தில்தான் வேனும் ஓடியது.

மார்ச்சில் ‘வாழை’ படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன், கைப்பேசியில், ராத்திரி, தனியாக. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் வாழைத்தார் சுமக்கிறான். மாரி செல்வராஜ் எங்கள் மாவட்டத்துக்காரர். தன் கதையையே எடுத்திருக்கிறார். பார்த்து முடித்ததும், தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளை வைத்துப் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ ஞாபகம் வந்தது. அதற்கும் முன்னால், 1990-ல், சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம். சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றியது. அதை ஒரு திருமண மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பார்த்தோம். முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆபீஸ் முதலாளியின் மகனே எழுந்து, "எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான்" என்றான். அதற்கப்புறம் ராத்திரி இரண்டு மணி வரை பேச்சு. ‘வாழை’ முடிந்ததும் கைப்பேசி அடுத்த படத்தைக் காட்டி, இன்னும் சில நொடியில் தொடங்கும் என்றது. நான் அணைத்தேன். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

மாதக் கணக்கில் அதற்கு நேரே ‘இன்னார் மூலம்’ என்ற இடத்தில் ஒரு சிறு கோடு போட்டேன். அதற்கு மேலும் கோடு. கீழும் கோடு. நாற்பத்து மூன்று வரியில் நாற்பத்தொன்றுக்குக் கோடுதான். கைப்பேசி கொண்டுவந்து காட்டியவை, நானாகத் தேடிப் போனவை. ஒரு மாதத்தில் இத்தனை வரவு, கொடுத்தவர் பெயர் இல்லாமல். எங்கள் ஆபீசில் இப்படிப் பேரேடு எழுதியிருந்தால் ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கொடுத்தவர் என்று ஒருவர் இருந்தால் அவரிடம் திரும்பிப் போக வேண்டும். போனால் கேட்பார்: எப்படி இருந்தது? நமக்குப் பிடித்ததை அவர் குறை சொல்வார். நமக்குப் புரியாததை நாம் ஒத்துக்கொள்ள வேண்டி வரும். வாத்தியாரும் தோழரும் அண்ணாச்சியும் புத்தகத்தையும் காசெட்டையும் சும்மா கொடுத்ததே இல்லை. ஒரு கேள்வியையும் கூடக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயதில் நான் கொஞ்சமாவது யோசிக்கக் கற்றேன் என்றால், அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்ததால்தான்.

கோடு போடாத இரண்டு வரிகளில் முதலாவது மார்ச் 8. அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. என் தங்கச்சி மகன் அங்கே வேலை பார்க்கிறான். டிக்கெட் வாங்கிப் போயிருந்தான். நம் நேரத்துக்கு நடுராத்திரி தாண்டி அழைத்தான். "மாமா, எப்படின்னு சொல்லத் தெரியல. நாலு பகுதி. ஒரு எடத்துல அழுறாங்களா சிரிக்கிறாங்களான்னே தெரியல" என்றான். அவன் அம்மா 1987-ல் அதையே கேட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அந்த இசையை நான் அன்று கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றை ‘மருமகன் மூலம் வரவு’ என்று எழுதினேன். அந்த மாதத்தின் மிகப் பெரிய வரவு அதுவென்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டாவது, மார்ச் 22. பஜாரில் காய்கறிக் கடையில் நின்றிருந்தேன். நாற்பத்தெட்டு வயதிருக்கும் ஒரு பெண் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு வந்து, "கணக்கெழுதுன அண்ணன்தான நீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். முன்பல் பாதி உடைந்திருந்தது.

அவள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கதைகளை வாசித்துப் பதிவு செய்து போடுகிறார்கள் அல்லவா, அப்படி யாரோ வாசித்த என் கதையை, இவள் சமைக்கும்போது மகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஆபீஸ், வேன், எம்.ஜி.ஆர். செத்த நாள், ஓட்டைப்பல் என்றெல்லாம் வரவும் இவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து முழுதும் கேட்டிருக்கிறாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க அண்ணே. எம் மக அழுதுட்டா" என்றாள். அப்புறம் சொன்னாள்:

"ஆனா அன்னைக்கி நான் தூங்கல. எப்பிடித் தூக்கம் வரும்? தெனமும் மூணு மணிக்கு எந்திரிச்ச ஒடம்பு. தானா முழிப்புத் தட்டிருச்சி. வேன் சத்தம் கேக்கும் கேக்கும்னு வாசப்படியில உக்காந்திருந்தேன். வேன் வரலைன்னதும் பயந்துட்டேன். இன்னைக்கிக் கூலி போச்சே, எங்கம்மா அடிப்பாளேன்னு. விடிஞ்சப்பொறம்தான் எம்ஜியார் செத்துட்டாருன்னு சொன்னாங்க. அப்பவும் எந்திரிக்கல."

காய்கறிப் பையோடு அங்கேயே நின்றேன். முப்பத்தேழு வருஷமாக அந்தக் கதையைப் பாராட்டியவர்கள் எல்லோரும் அந்தத் தூக்கத்தைத்தான் பாராட்டினார்கள். மேடையில் நானும் அதைப் பற்றித்தான் பேசினேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு காலைத் தூக்கத்தையாவது கொடுத்தேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. பதிவேட்டில் அவள் வயதைக் கூட்டி எழுதிய கைக்கு அந்த நிம்மதி தேவைப்பட்டது. அவளிடம் அதைச் சொன்னேன். வயது விஷயத்தை. அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "எம் மகளுக்கு ஒங்க பொஸ்தகம் ஒண்ணு குடுங்கண்ணே. நெறைய கேப்பா, பதில் சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள்.

பரணிலிருந்து 1987 டிசம்பர்ப் பக்கத்தை இறக்கியது அதற்காகத்தான். வேன் வரவில்லை என்று நான் அன்றைக்கு எழுதியது சரிதானா என்று பார்க்க. எழுதியிருந்தேன், ஆனால் அவ்வளவுதான். யாரையும் போய்ப் பார்த்ததாக, யாரிடமும் கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. எம்.ஜி.ஆர். இறந்த செய்தி தவிர மற்ற ஒன்பது வரிக்கும் ஆள் பெயர் உண்டு. கதைக்கு நேரே ‘இன்னார் மூலம்’ பத்தி அன்றைக்கே வெறுமையாக இருந்திருக்கிறது. அடுத்த நாள் வேன் வந்ததும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மகளுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கதைக்கு நேரே ஓரத்தில், அவள் அம்மா சொன்னதைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

கதையை மறுபடி எழுதுகிறேன். அடுத்த பதிப்பில் மாறியே வரும். பழைய வடிவத்தைப் படித்தவர்கள், கேட்டவர்கள் தயவுசெய்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள்: 1987 டிசம்பர் 24 அன்று அந்தப் பிள்ளை தூங்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.